மிளகாய் குவிந்துவிட்டால்: மழை ஊரில் கெடாமல் வைக்கும் வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் வேலியோரம் பாலிபேக்கில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பழக்கம் அது. நாலு செடி நன்றாக இருந்தாலே ஒரு குடும்பத்துச் சமையலுக்குத் தாராளம். ஆனால் நாற்று மிஞ்சினால் பிடுங்கிப் போட மனம் வராது, நாலு பத்தாகிவிடும். நட்டு இரண்டரை மூன்று மாதம் கழிந்ததும் அத்தனையும் சேர்ந்து காய்க்கத் தொடங்கும். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் இதே நிலைதான். கொடுத்தது போக மீந்ததை என்ன செய்வது என்று முதல்முறையாகத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மிஞ்சிய மிளகாயை வெயிலில் காயப்போடு என்பதுதான் எல்லார் வாயிலும் முதலில் வரும் யோசனை. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் களத்தில் காய்கிற மாதங்களில் அங்கே பெரும்பாலும் மழை எட்டிப் பார்க்காது. பேராக்கில் அப்படியில்லை. காலையில் சுள்ளென்று அடிக்கும் வெயில், பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை. மழை பெய்யாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. முழு மிளகாயைப் பாயில் பரப்பி வைத்தால் மேல்தோல் சுருங்குவதற்குள் உள்ளே விதையைச் சுற்றிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே நம் ஊருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் உறைபெட்டி (ஃப்ரீசர்), அடுத்து வினிகரும் உப்பும், பிறகு அடுப்பு, கடைசியில் வெயில்.

பறித்த அன்றே பிரியுங்கள்

பனி உலர்ந்த பின், காலை வேளையில், காம்போடு பறியுங்கள். காம்பு பிய்ந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பறித்ததும் கழுவி வைப்பது நல்ல பழக்கமாகத் தோன்றும். ஆனால் ஈரத்தோடு கூடையில் கிடக்கும் மிளகாய் இரண்டு நாளில் கொழகொழத்துவிடும். பக்குவம் செய்ய உட்காரும்போது கழுவினால் போதும். அதுவரை பழைய நாளிதழில் சுற்றி ஐஸ் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும்.

பிறகு மூன்று குவியலாகப் பிரியுங்கள். உறுதியாக, பளபளப்பாக இருப்பவை ஒன்று. இவைதான் பாதுகாக்கத் தகுந்தவை. சற்று வாடியவை, நுனி ஒடிந்தவை இன்னொன்று. அன்றோ மறுநாளோ சமையலுக்குப் போகட்டும். மூன்றாவது குவியலில் இரக்கம் காட்டக் கூடாது. தோலில் குழிந்த பழுப்பு வட்டங்கள் தெரிந்தால் அது பழ அழுகல் நோய். ஊசி குத்தியது போன்ற புள்ளியோடு ஓரிடம் மட்டும் மெத்தென்றிருந்தால் உள்ளே பழ ஈயின் புழு இருக்கலாம். ஐயமிருந்தால் பிளந்து பாருங்கள். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போத்தலில் போடலாம் என்ற சிக்கனம் இங்கே உதவாது. ஒரு காயின் அழுகல் முழுப் போத்தலையும் கெடுக்கும். இவற்றைச் செடியடியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். இல்லையென்றால் அதே ஈயும் அதே நோயும் அடுத்த காய்ப்புக்குத் திரும்பிவரும்.

வேலை தொடங்குமுன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊசிமிளகாய், அதாவது சிலி பாடி அரிகிறவர்களுக்கு இது கட்டாயம். உறைப்பைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். மிளகாய் அரைத்த உடனே மிக்ஸி மூடியைத் திறந்து முகத்தை நீட்டாதீர்கள். கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கும் வீட்டில் சன்னல்களைத் திறந்துவைத்து, அவர்கள் வேறு அறையில் இருக்கும்போது அரைப்பது நல்லது.

உறைபெட்டி: புதியவர்கள் இங்கே தொடங்கலாம்

பல காய்கறிகளை உறையவைக்கும் முன் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். மிளகாய்க்கு அது தேவையில்லை. உறைந்து இளகிய மிளகாய் துவண்டுபோகும், பச்சையாகக் கடித்துச் சாப்பிட உதவாது. ஆனால் உறைப்பும் மணமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நம் வீடுகளில் மிளகாய் அரைக்கவும் தாளிக்கவும்தான் போகிறது என்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

செய்முறை எளிது. காம்போடு கழுவுங்கள், காம்பை முதலிலேயே கிள்ளினால் தண்ணீர் உள்ளே இறங்கும். துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலரவிடுங்கள். உலர்ந்தபின் காம்பை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி இரவு முழுதும் உறையவையுங்கள். மறுநாள் பையில் அள்ளிப்போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். இப்படிச் செய்தால் பாறையாக இறுகாது; வேண்டும்போது ஐந்தோ பத்தோ எடுத்துக்கொள்ளலாம். பையின்மேல் மாதத்தை எழுதுங்கள். மைனஸ் 18 பாகையில் ஓராண்டு வரை சுவை குன்றாமல் இருக்கும். வெட்ட வேண்டுமானால் இளகும்வரை காத்திருக்காமல் உறைந்த நிலையிலேயே வெட்டுங்கள். கத்தி சுலபமாக இறங்கும், நெடியும் குறைவு.

உறைபெட்டி சிறியது என்றால் அரைத்து வைப்பதே மேல். பழுத்த சிவப்பு மிளகாயை, சிலி குலாய் போன்ற நீள ரகமாக இருந்தால் நன்று, சிறிது உப்போடு தண்ணீர் விடாமல் அரைத்து ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். உறைந்ததும் கட்டிகளைப் பைக்கு மாற்றலாம். ஒரு கட்டி ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒரு சட்டி மீன் குழம்புக்கோ நாசி லெமாக் சம்பலுக்கோ எத்தனை கட்டி என்பது இரண்டு முறை சமைத்தாலே பிடிபட்டுவிடும். அந்தத் தட்டை மிளகாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வாசனை போகாது.

மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். முழுவதும் இளகிவிட்டதை மறுபடி உறையவைப்பதைவிட அன்றே வதக்கிச் சம்பலாக்குவதுதான் சரி.

வினிகர்: எந்தப் போத்தல் என்று பாருங்கள்

சீனக் கடையில் வான்டான் மீயோடு சிறு தட்டில் வருகிற பச்சை மிளகாயைச் சாப்பிட்டிருப்பீர்கள். அதுதான் வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிகச் சுலபமான ஊறல். அரைக் கிலோ பச்சை மிளகாயை அரை சென்டிமீட்டர் வளையங்களாக நறுக்கி, கொதிநீரை ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பச்சை வாடை நீங்கும். அரை லிட்டர் வினிகரில் மூன்று மேசைக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு மிளகாயின்மேல் ஊற்றுங்கள். காய் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாளே சாப்பிடலாம். இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். அலுமினியச் சட்டியில் வினிகரைக் காய்ச்சாதீர்கள், எவர்சில்வர் போதும். போத்தலுக்கும் பிளாஸ்டிக் மூடி நல்லது. தகர மூடியை வினிகர் அரித்துவிடும். கழுவிய போத்தலைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கவிழ்த்து உலர்த்தியபின் நிரப்புங்கள்.

வினிகரில் தண்ணீர் கலந்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மிளகாய் புளிப்பு குறைந்த காய். உயிரைப் பறிக்கக்கூடிய போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி, காற்றில்லாத போத்தலுக்குள், புளிப்பு போதாத இடத்தில் வளரும். புளிப்பை அளக்கும் பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது வளராது. அந்தக் காவலைத் தருவது வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம். போத்தலில் அச்சிட்டிருக்கும் விழுக்காட்டைப் பாருங்கள். 5 இருந்தால் நல்லது.

நம்மைப் போன்ற தோட்டப்புற ஊருக்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். சமையல் வினிகருக்கு மலாயில் சூக்கா என்று பெயர். இந்த அமிலத்தையும் சூக்கா கெத்தா என்றே சொல்வார்கள். சிறுதோட்டம் வைத்திருக்கும் வீட்டில் அதை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொட்டகையில் வைத்திருப்பதுண்டு. அதுவும் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். வாய், தொண்டை, வயிறு எல்லாவற்றையும் புண்ணாக்கிவிடும் திரவம் அது. ஆகவே ஊறுகாய்க்குக் கடையில் வாங்கி, பெயர்ச்சீட்டு ஒட்டிய, நீங்களே முத்திரை உடைத்த வினிகரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். யாராவது போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் அவர்கள் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

உப்பில் புளிக்கவைத்தல்

சிவப்பு மிளகாய் ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். மாவு புளிப்பது போன்ற வேலைதான் இதுவும்: காயிலேயே இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவை முந்திக்கொள்ளும்வரை கெட்ட கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது உப்பின் வேலை.

ஒரு கிலோ மிளகாய்க்கு 30 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. மிளகாயைக் கொரகொரப்பாக அரைத்து உப்பைக் கலந்து கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு நிரப்புங்கள். மூடியை இறுக்காமல் வைத்தால்தான் உள்ளே உண்டாகும் வாயு வெளியேறும். நிழலான இடத்தில், அடியில் ஒரு தட்டு வைத்து விடுங்கள், பொங்கி வழியும். நம் வெப்பத்தில் இரண்டாம் மூன்றாம் நாளே குமிழி கிளம்பிவிடும். தினமும் சுத்தமான, உலர்ந்த கரண்டியால் கிளறி மேற்பரப்பை அழுத்திவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் குமிழி அடங்கி நல்ல புளித்த மணம் வரும். பிஎச் தாள் வாங்கி வைத்திருந்தால் அளந்து பாருங்கள். 4-க்குக் கீழே வந்துவிட்டால் நிம்மதியாக ஐஸ் பெட்டிக்கு மாற்றலாம்.

மேலே வெண்ணிறத்தில் மெல்லிய தட்டையான படலம் படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டுத் தொடரலாம். பஞ்சுபோல் முடி முளைத்த பூஞ்சை, பச்சையோ கறுப்போ, தெரிந்தால் முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள். அழுகல் நாற்றம் வந்தாலும் அப்படியே.

இந்த விழுதில் வினிகரும் கொஞ்சம் சீனியும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் கடைச் சில்லி சாஸை மறந்துவிடுவீர்கள்.

அடுப்பில்: தொக்கு

பழுத்த மிளகாய் ஒரு கிலோ, புளி 200 கிராம், உப்பு 150 கிராம். மிளகாயைக் கழுவி ஈரமின்றித் துடைத்து, புளியோடும் உப்போடும் அரைத்து, கால் லிட்டருக்குச் சற்று அதிகமான நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, வெந்தயப் பொடி தூவி, சிறுதீயில் எண்ணெய் பிரிந்து மிதக்கும்வரை கிளறுங்கள். ஐஸ் பெட்டியில் பல மாதம் இருக்கும். ஈரக்கரண்டி போடாதீர்கள்.

இங்கே எண்ணெயைப் பற்றி ஒரு சொல். பச்சை மிளகாயையும் பூண்டையும் அப்படியே எண்ணெயில் மூழ்கவிட்டு மேசைமேல் வைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆபத்தானது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறதே தவிரப் புளிப்பைத் தருவதில்லை; மேலே சொன்ன போட்டுலிசக் கிருமிக்கு அதுவே வசதியான இடம். நம் ஊறுகாயைக் காப்பது அதிலுள்ள உப்பும், புளியோ எலுமிச்சையோ தரும் புளிப்பும். எண்ணெய் அதற்குமேல் ஒரு மூடி மட்டுமே. உப்பும் புளியும் உடம்புக்கு ஆகாது என்று குறைக்க விரும்பினால் தாராளமாகக் குறையுங்கள், ஆனால் அந்தத் தொக்கைச் சின்னப் பொட்டலங்களாக்கி உறைபெட்டியில் வையுங்கள்.

வெயிலில் காயவைக்க விரும்பினால்

காயவைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோர் மிளகாய் இல்லாத பழையசோறு யாருக்கு இனிக்கும்? காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். தீபாவளி நெருங்கும்போது வற்றல் போட நினைப்பது வீண்பாடு. அந்த மிளகாயை உறையவையுங்கள். பொங்கல் கழிந்து தைப்பூசத்தையொட்டிய வாரங்களும், ஜூன் ஜூலை மாதங்களும் ஓரளவு கைகொடுக்கும். புகைமூட்டம் சூழ்ந்த நாள்களில் வெளியே எதையும் பரப்ப வேண்டாம்.

மோர் மிளகாய்க்கு ஒரு கிலோ பச்சை மிளகாய், நன்றாகப் புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர், உப்பு 100 முதல் 120 கிராம். காம்பைக் கிள்ளாமல் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறுங்கள், இரண்டாகப் பிளக்க வேண்டாம். மோரில் இரண்டு இரவு ஊறட்டும். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்து முறத்திலோ வலைத்தட்டிலோ பரப்பிக் காயவையுங்கள். மாலையில் மீண்டும் அதே மோருக்குள். பகலில் மோர்ப் பாத்திரம் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும், நம் சூட்டில் வெளியே வைத்தால் கெட்டுவிடும். மோர் முழுதும் இழுபட்டபின் நல்ல வெயில் நான்கைந்து நாள் வேண்டும். வெளிர்மஞ்சளாக மாறி, ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சிவப்பு மிளகாயை வற்றலாக்க நினைத்தால் முழுசாகப் போடாமல் நீளவாக்கில் பிளந்து, உட்பக்கம் மேலே தெரியும்படி பரப்புங்கள். பாயைவிட, கீழிருந்தும் காற்று நுழையும் கம்பி வலை மேல். மழை மேகம் கண்டதும் உள்ளே எடுத்து, மூடி வைக்காமல், மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிடுங்கள். இரவில் ஒரு பானையில் மூடி வைத்தால் பகலெல்லாம் காய்ந்தது மீண்டும் வியர்த்துவிடும். இரண்டாம் நாள் மாலையிலும் தோல் ஈரமாகவே இருந்தால் வெயிலை நம்பாமல் ஓவனுக்கு மாற்றுங்கள். 55 முதல் 60 பாகை, கதவைச் சற்றே திறந்துவைத்து, ஈரம் வெளியேற வழிவிட்டு, காயும்வரை. சூட்டைக் கூட்டினால் காயாது, கருகும்.

காய்ந்தபின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குலுக்கினால் விதை சலசலக்கும். முழுதும் ஆறியபின் கண்ணாடிப் போத்தலில் போட்டு முதல் வாரம் தினமும் பாருங்கள். உட்சுவரில் நீராவி படிந்தால் உடனே வெளியே எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

பூஞ்சை பிடித்த வற்றலைக் கழுவி வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அன்போடு சொல்கிறார்கள், ஆனால் இதில் கேட்காதீர்கள். சரியாகக் காயாத மிளகாயில் வளரும் சிலவகைப் பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்கவும் வல்லது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழியாது.

விதைக்கு ஒதுக்குங்கள்

எல்லாவற்றையும் பறித்துவிடாமல், நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஒரு செடியில் மூன்று நான்கு காய்களை நன்கு சிவக்கும்வரை விட்டுவையுங்கள். பிளந்து விதையை எடுத்து ஒரு தட்டில் பரப்பி, வெயிலிலும் ஓவனிலும் வைக்காமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்திருக்கலாம். அந்த விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. காகித உறையில் போட்டு, ரகத்தையும் மாதத்தையும் எழுதி, அந்த உறையை மூடி இறுகிய சிறு போத்தலுக்குள் வைத்து ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை எத்தனை நாற்று வேண்டும் என்று எண்ணி, அத்தனை விதைக்கு மேல் இரண்டு மூன்று மட்டும் கூடுதலாகப் போடுங்கள்.